நாலு மா, நாலு க

நான் படிச்சது தைவான்லன்னு சொன்னா, பத்துல எட்டு பேர் அடுத்து கேக்கிறது, "பாங்காக் பக்கமா இருந்தீங்க?"ங்கிறதுதான். தாய்லாந்து இல்லீங்க, தைவான்னு திருத்தினா, "ஓ, சீனாவா!"ம்பாங்க. அதுக்கும் தலையாட்டிட்டுப் போயிடறது உடம்புக்கு நல்லது.

இப்ப கொஞ்ச காலமா நிலைமை மாறியிருக்கு. சிப்பு, சிப்புன்னு பேப்பர்ல தினமும் அடிபடுது இல்லையா, அதனால புனேயில எங்க குடியிருப்புலேயே ரெண்டு தமிழ்க் குடும்பம் பிள்ளைங்களை தைவானுக்கு மேல்படிப்புக்கு அனுப்பலாமான்னு கேட்டு வந்தாங்க. ஸ்காலர்ஷிப் கிடைக்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, உடம்புக்கு வந்தா என்ன பண்றது, பூகம்பம் வருமாமே... எல்லாக் கேள்வியும் இந்த நாலுக்குள்ள அடங்கிடும். ஸ்காலர்ஷிப் கிடைக்கும். சாப்பாடு கிடைக்கும், கீழே சொல்றேன். அங்க ஆறு மாசம் தங்கிட்டா மாணவனுக்கும் அரசாங்க மருத்துவக் காப்பீடு உண்டு. பூகம்பமும் உண்டு. 1999 செப்டம்பர் 21 பூகம்பத்துல 2,400 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுல இருந்து பாடம் படிச்சு கட்டடம் கட்டுற ஊர் அது.

அவங்க கேக்காத அஞ்சாவது கேள்வி ஒண்ணு இருக்கு. "பிள்ளை அங்க போய் என்னவா ஆவான்?" அதுக்குத்தான் இந்தக் கொசுவத்தி.

2006 செப்டம்பர்ல சின்ச்சு நகரத்துல போய் இறங்கினேன். தைபேக்குத் தென்மேற்கே, ஒண்ணு ஒண்ணரை மணி நேரத் தூரம். மொத்தத் தைவானே சுமார் 36,000 சதுர கிலோமீட்டர்தான், நம்ம கேரளாவை விடச் சின்னது. 1956ல இந்த ஊர்ல மறுபடி தொடங்கின ட்சிங் ஹுவா பல்கலைக்கழகம், பக்கத்துலேயே ச்சியாவ் துங் பல்கலைக்கழகம், இந்த ரெண்டையும் ஒட்டி 1980ல வந்த அறிவியல் பூங்கா. 1987ல அங்க ஆரம்பிச்ச டிஎஸ்எம்சி கம்பெனியைப் பத்தி இப்ப உலகமே பேசுது. அன்னைக்கு எங்க சொந்தக்காரங்க யாருக்கும் அது தெரியாது. நான் போனது மெட்டீரியல் சயன்ஸ்ல முனைவர் பட்டத்துக்கு.

சின்ச்சுவைக் 'காத்து ஊர்'னு சொல்லுவாங்க. ஐப்பசி கார்த்திகையில நம்ம ஊருக்கு மழை கொண்டு வர்ற அதே வடகிழக்குப் பருவக்காத்து, அங்க மழையை விட வெறும் காத்தா அடிக்கும். சைக்கிள்ல போனா சைக்கிளோட சேர்த்துத் தள்ளும். அந்தக் காத்துலதான் அரிசி நூடுல்ஸைக் காய வைப்பாங்க. நம்ம சேவையைப் பிழிஞ்சு மூங்கில் தட்டியில காய வெச்ச மாதிரி இருக்கும். முதல் தடவை பாத்தப்ப சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி இருந்தது.

முதல் ராத்திரி ஹாஸ்டலுக்கு எதிர்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனேன். வெள்ளையா ரெண்டு பாக்கெட். ஒண்ணு உப்பு, ஒண்ணு சர்க்கரை. எது எதுன்னு தெரியலை. தடவிப் பாத்தேன், காதுகிட்ட வெச்சுக் குலுக்கிப் பாத்தேன். பாக்கெட் பூரா எழுத்து. ஒண்ணு கூட என்கிட்ட பேசலை. ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து எம்.டெக். வரைக்கும் பதினெட்டு வருஷம் படிச்சவன், ஒரே விமானப் பயணத்துல எழுத்தறிவில்லாதவன் ஆயிட்டேன். அன்னைக்கு என் கையில கேமரா போன் கிடையாது, காட்டினதும் மொழிபெயர்க்கிற வித்தையும் கிடையாது. கடைக்காரப் பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சா. உள்ளங்கையில துளி கொட்டி நக்கிக் காட்டி முகத்தைச் சுளிச்சா. இது உப்பு. அடுத்ததைக் காட்டி முகத்தை மலர வெச்சா. புரிஞ்சது.

அந்த ஊர்ல நான் முதல்ல படிச்சது எண்ணுதான். விலையெல்லாம் நம்ம 1, 2, 3லயே இருக்கும். தைவான்ல கடைக்காரர் குடுக்கிற ரசீதுல எட்டு இலக்க எண் ஒண்ணு அச்சடிச்சிருக்கும். அதுக்குக் குலுக்கல் உண்டு. கடைக்காரங்க பில் போடாம வரி ஏய்க்கிறதைத் தடுக்க, வாங்குறவனே பில் கேட்டு வாங்குற மாதிரி 1951ல அரசாங்கம் பண்ணின ஏற்பாடு. ஒத்தைப்படை மாசம் 25ம் தேதி குலுக்கல். கடைசி மூணு இலக்கம் பொருந்தினாலே 200 தைவான் டாலர். பேப்பர்ல மத்ததெல்லாம் எனக்குப் படம்தான், ஆனா இந்த எண்ணை மட்டும் நானும் மத்தவங்களும் ஒரே மாதிரி படிப்போம். நாலு வருஷத்துல மூணு தடவை 200 விழுந்தது. பணத்தை விட, வரிசையில நின்னு 'எனக்கும் படிக்கத் தெரியும்'ங்கிற மாதிரி ரசீதை நீட்டினது பெரிய சந்தோஷம்.

எங்க ஆய்வகத்துல எனக்கு மூத்த மாணவர் ஒருத்தர். அங்க சீனியரை 'ஷுவேஜாங்'னுதான் கூப்பிடணும், பொண்ணா இருந்தா 'ஷுவேஜியே'. நம்ம காலேஜ்ல அண்ணே, அக்கான்னு கூப்பிடற மாதிரியேதான். பேர் சொல்லிக் கூப்பிட்டா யாருக்கும் வாய் வராது. வாத்தியார் 'லாவ்ஷி'. செப்டம்பர் 28, கன்ஃபூஷியஸ் பிறந்த நாள், அங்க ஆசிரியர் தினம். இந்த ஷுவேஜாங்தான் என்னை போஸ்டாபீஸுக்குக் கூட்டிட்டுப் போனார். கணக்கு ஆரம்பிக்கக் கையெழுத்தோட முத்திரையும் வேணும்னாங்க. பேர் செதுக்கின சின்ன மரக்கட்டை. முத்திரைக்குப் பேர் வேணுமே? கடைத் திண்ணையில உக்காந்து, என் பேரோட ஒலிக்குப் பக்கமா வர்ற மூணு எழுத்தைத் தேடி, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் நல்லா இருக்கான்னு கடைக்காரத் தாத்தாகிட்ட விவாதம் பண்ணி, அரை மணி நேரத்துல எனக்குப் பேர் வெச்சாங்க. காதுல மூணு தடவை சொல்லாததுதான் பாக்கி.

அப்புறம் மொழி. சீனத்துல 'மா'ன்னா அம்மா. தொனியை ஏத்தினா நார்ச்செடி. இறக்கி ஏத்தினா குதிரை. வெட்டி இறக்கினா திட்டு. ஷுவேஜாங் நாலையும் சொல்லிக் காட்டுவார். என் காதுக்கு நாலும் ஒண்ணு. "அம்மா குதிரையைத் திட்டினாள்"னு சொல்லச் சொன்னார். நான் சொன்னதைக் கேட்டு ஆய்வகமே விழுந்து விழுந்து சிரிச்சது. நான் யாரைத் திட்டினேன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை. தொனியே இல்லாத அஞ்சாவது 'மா' ஒண்ணும் இருக்கு. வாக்கியக் கடைசியில அதைப் போட்டா கேள்வி. நாம 'வந்தியா, சாப்பிட்டியா'ன்னு கடைசியில ஒரு 'ஆ' போடுற மாதிரி. அவங்க 'நீ'ன்னாலும் நீதான். இந்த ரெண்டையும் பிடிச்சுக்கிட்டுதான் அந்த மொழிக்குள்ள இறங்கினேன்.

எழுத்து தேவைக்குத் தகுந்த மாதிரி வந்து ஒட்டிக்கிச்சு. வயலும் அதுக்குக் கீழ பலமும் எழுதினா ஆண். கழிப்பறை வாசல்ல நிக்கிறவனுக்கு அதை விட முக்கியமான எழுத்து வேற இல்லை. வெறும் சதுரம் போட்டா வாய். 'வெளியே' கூட வாயைச் சேர்த்தா வெளியேறும் வழி. நாம கூட வாய், இல் ரெண்டையும் சேர்த்துத்தானே வாயில், வாசல்னு சொல்றோம்! மின்சார மூளைன்னா கம்ப்யூட்டர், நெருப்பு வண்டின்னா ரயில். தனிம அட்டவணையைச் சீனத்துல பாத்தப்பதான் அசந்துட்டேன். வாயுன்னா தலைமேல வாயுக் குறி, உலோகம்னா இடப்பக்கம் உலோகக் குறி. பேரை வாசிக்கத் தெரியாட்டியும் அது என்ன ஜாதிப் பொருள்னு சொல்லிடலாம். படிக்கத் தெரியாத ஊர்ல நான் பாதி படிச்ச முதல் பக்கம் அது.

சாப்பாட்டுக்கு 'சூ'ங்கிற எழுத்து. சைவம். சைவக் கடைப் பலகைங்கள்ல நம்ம கணக்கு நோட்டு முதல் பக்கத்து ஸ்வஸ்திக் மாதிரி ஒண்ணு, திசை மட்டும் மாறியிருக்கும். பௌத்தச் சைவம், அதனால வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. எங்க ஊர் மடிசார் மாமி தாராளமாச் சாப்பிடலாம். தட்டுல வேணுங்கிறதை அள்ளிப் போட்டு எடை போட்டுக் காசு குடுக்கணும். பீர்க்கங்காய், பாகற்காய், சர்க்கரைவள்ளிக் கீரை எல்லாம் உண்டு. கறிவேப்பிலைக்கு மட்டும் ஏங்கணும். அந்தக் கடைப் பாட்டி என்னைப் பாத்ததும் தைவானிய மொழியில கேக்கிறது 'சியா பா போயே'. ஆறு மாசம் கழிச்சுத்தான் அர்த்தம் தெரிஞ்சது. 'சாப்பிட்டாச்சா?' சாப்பாட்டுக் கடையிலேயே உக்காந்துக்கிட்டு சாப்பிட்டாச்சான்னு கேக்கிற பாட்டி. எங்க சாத்தூர்ப் பக்கத்துக் கிழவிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

மத்ததும் அப்படித்தான். கோடிக்கணக்குல விலை போற கருவிக்கு மேல 'குவாய் குவாய்'னு ஒரு பச்சைப் பாக்கெட் நொறுக்குத்தீனி வெச்சிருப்பாங்க. 'சமத்தா இரு'ன்னு அர்த்தம். பச்சைதான் வைக்கணும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. காலாவதி தேதிக்குள்ள மாத்திடணும். இல்லாட்டி மெஷின் மக்கர் பண்ணுமாம். ஆயுத பூஜைக்கு லேத்து மெஷினுக்குப் பொட்டு வெச்ச ஊர்க்காரனுக்கு இதுல என்ன ஆச்சரியம்? அவங்க ஏழாம் மாசம் பேய் மாசம். கல்யாணம் கிடையாது, வீடு வாங்க மாட்டாங்க. நம்ம ஆடி! கோயில்ல பிறை மாதிரி ரெண்டு மரத்துண்டைப் போட்டு சாமிகிட்ட உத்தரவு கேப்பாங்க. நம்ம ஊர்ல பூக் கேக்கிறோமே, அதேதான்.

இவ்வளவு சொல்லிட்டு முக்கியமான ஒண்ணை விட்டுடக் கூடாது. நாலு வருஷமும் நான் எழுத்தில்லாதவனா இருந்த அந்த ஊர்ல, யாரும் என்னை மடையன்னு நினைக்கலை. எனக்குப் புரியலைன்னா குரலை உசத்த மாட்டாங்க, பேனாவை எடுப்பாங்க. படம் போடுவாங்க. ஷுவேஜாங் எழுதிக் குடுத்த அட்டை ஒண்ணு பர்ஸ்லயே இருந்தது. என் பேரு, ஹாஸ்டல் விலாசம், ஆய்வக போன் நம்பர், 'நான் சைவம், முட்டை பரவாயில்லை' ஒரு வரி. பஸ் டிரைவர்ல இருந்து போலீஸ்காரர் வரைக்கும் அதை ரெண்டு கையாலயும் வாங்கிப் படிச்சுட்டு ரெண்டு கையாலயும் திருப்பிக் குடுப்பாங்க.

ஆனா அந்த மரியாதை எனக்கா, என் கழுத்துல தொங்குற பல்கலைக்கழக அட்டைக்கான்னு ஒரு சந்தேகம் அப்பவே உண்டு. சாயங்காலம் பூங்காவுல வயசானவங்களைச் சக்கர நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டு இந்தோனேசியப் பெண்கள் வருவாங்க. வீட்டோட தங்கி முதியவங்களைப் பாத்துக்கிற வேலை. அவங்களுக்கும் என்னை மாதிரியே எழுத்து தெரியாது. பேச்சு மட்டும் என்னை விடப் பல மடங்கு. பாட்டி பேசுற தைவானிய மொழியிலேயே பாட்டியை அதட்டுவாங்க, கொஞ்சுவாங்க. நான் ரெண்டு வருஷமாத் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். ஆனா பூங்காவுல என்னைப் பாத்து 'பொஷி'ன்னு, அதாவது டாக்டர்னு கூப்பிடறவர், அவங்களை 'ஏய், இங்க வா'ன்னு கையாட்டிக் கூப்பிடுவார். ஒரே எழுத்தில்லாமை. எனக்கு அது வேடிக்கையான அனுபவம், அவங்களுக்கு அது தகுதிக்குறைவு. தைவான்ல நான் படிச்ச பாடங்கள்ல இதுதான் இன்னமும் மறக்காம இருக்கு.

மறக்காததுக்குக் காரணம் எங்க அம்மா.

2012ல இருந்து புனேயிலதான் ஆணி பிடுங்கிக்கிட்டு இருக்கேன். அப்பா 2021ல போனதுக்கப்புறம் அம்மாவை இங்க கூட்டிட்டு வந்தோம். சாத்தூர்ப் பக்கத்துல 32 வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சர். எத்தனையோ பிள்ளைகளுக்கு அரிசியில விரலைப் பிடிச்சு 'அ' போட வெச்ச கை. இங்க வந்ததும் பால் பாக்கெட்டுல இருந்து பஸ் பலகை வரைக்கும் தேவநாகரி. சில பஸ்ல எண் கூட அதுலதான். அம்மா வீட்டை விட்டு வெளியே போறதையே நிறுத்திட்டாங்க. "முட்டி வலிக்குதுய்யா"ம்பாங்க. மாடிப்படி ஏறும்போது வலிக்காத முட்டி, தெருவுக்குப் போகணும்னா மட்டும் வலிக்கும்.

ஒரு நாள் ஒரு அலுவலகத்துல ஏதோ பாரத்துல கையெழுத்து போடணும். குமாஸ்தா ஹிந்தியில என்னமோ கேட்டார், அம்மா முழிச்சாங்க. அவர் சட்டுனு மை ஒத்துற பெட்டியை எடுத்து அம்மா முன்னாடி தள்ளினார். கட்டை விரல் ரேகைக்கு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அம்மா அந்தப் பெட்டியை மூடி அவர் பக்கமே நகர்த்தி வெச்சாங்க. பையில இருந்து பேனாவை எடுத்து, முழுப் பேரையும், இனிஷியலோட, தமிழ்ல, அச்சு மாதிரி எழுதினாங்க. சுழி, கொம்பு, புள்ளி எதுவும் தப்பாம. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வாங்கிக்கிட்டார். ஆட்டோவுல வரும்போது அம்மா ஒண்ணும் பேசலை. வீட்டுக்கு வந்து, "அந்தப் பிள்ளை மேல குத்தமில்லைய்யா. அவனுக்கு என் எழுத்து தெரியலை, அவ்வளவுதான்"னாங்க. அப்புறம் நேரா பூஜை ரூமுக்குப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தங்கமணிகிட்ட சின்ச்சு அட்டையைப் பத்திச் சொன்னேன். மறுநாளே அம்மாவுக்கு ஒண்ணு தயார். நாலாம் கிளாஸ் படிக்கிற பாப்பாதான் மராத்தியில எழுதினா. பேரு, குடியிருப்பு, போன் நம்பர். அம்மா அதைக் கையில வெச்சுப் பாத்துட்டு, "இன்னும் ஒரு வரி சேருத்தா. எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும்னு போடு"ன்னாங்க. போட்டோம்.

அடுத்தது எண்ணு. என் வழிதானே, எண்ணுல இருந்து ஆரம்பிக்கணும். பத்தே குறி. ரெண்டு நாள்ல முடிச்சுட்டாங்க. அப்புறம் பாப்பா வாத்தியார், பாட்டி மாணவி. "இதுவும் க, இதுவும் க, இதுவும் க, இதுவும் கவா? ஒரே ஒரு கவை வெச்சு 32 வருஷம் பள்ளிக்கூடம் நடத்திட்டேன், இவங்களுக்கு நாலு கேக்குதா?"ன்னு ஒரே புலம்பல். பாப்பா நாலையும் சொல்லிக் காட்டுவா, அம்மா காதுக்கு நாலும் ஒண்ணு. நான் உள் ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கு நாலு மா, எங்கம்மாவுக்கு நாலு க.

காய்கறிக்காரம்மா அம்மாவை 'தாயி'ன்னு கூப்பிட, "பாரு, இந்த ஊர்லயும் தாயின்னுதான் கூப்பிடறாங்க"ன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை. இங்க 'தாயி'ன்னா அக்கான்னு பாப்பா திருத்தினா. "அதனால என்ன, வயசு குறைஞ்சா நல்லதுதானே"ன்னுட்டாங்க. இப்ப முட்டி வலி தெருமுனை வரைக்கும் வர்றதில்லை.

ஆக, பிள்ளையை தைவானுக்கு அனுப்பலாமான்னு கேட்டவங்களுக்கு நான் சொல்றது இதுதான். அனுப்புங்க. சிப்புப் படிப்பு நல்லாவே சொல்லிக் குடுப்பாங்க. அதோட, பதினெட்டு வருஷம் கிளாஸ்ல முதல் ரேங்க் வாங்கின பிள்ளை, உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு கடையில நிப்பான். அந்த நிலைமையில யார் பேனாவை எடுத்தாங்க, யார் குரலை உசத்தினாங்கன்னு அவனுக்கு ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும். அவன் திரும்பி வந்து உக்காரப் போற மேஜைக்கு எதிர்லயும் யாராவது எழுத்து தெரியாம வந்து நிப்பாங்க. அப்ப மைப் பெட்டியைத் தள்ளாம இருந்தான்னா, அந்தப் படிப்புக்குப் போட்ட பணம் வீண் போகலைன்னு அர்த்தம்.

போன வாரம் மாத்திரை வாங்கப் போன அம்மா, கடைப் பலகைக்குக் கீழ நின்னு எழுத்துக் கூட்டிக்கிட்டு இருந்தாங்களாம். 'ஔ... ஷ... த...' வரைக்கும் வந்துட்டு, கூட வந்த பாப்பாகிட்ட, "அட, நம்ம ஔடதம்! ஔவையாருக்கு அடுத்து பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்ல வார்த்தை இல்லாம நான் வருஷா வருஷம் கரும்பலகையில எழுதிப் போட்ட வார்த்தைடி இது"ன்னாங்களாம்.

மாத்திரை வாங்கினாங்களா இல்லையான்னு நான் கேக்கலை.